மணற்காட்டுக்குப் போகலாமா, அங்கே என்ன இருக்கிறது?

ஆடி மாதம் கனடாவிலிருந்து குடும்பத்தோடு யாழ்ப்பாணம் வரும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "கசூரினா, சாட்டிக் கடற்கரைகளுக்குப் போன முறை போய்விட்டோம். இந்த முறை மணற்காடு போவோம் என்று இவர் சொல்கிறார். அங்கே உண்மையில் என்ன இருக்கிறது? பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா? அரை நாள் போதுமா?"

கட்டாயம் போங்கள் தங்கச்சி. ஆனால் குளிப்பதற்கென்று போகாதீர்கள். பிள்ளைகள் கடலில் விளையாட வேண்டும், அதுதான் முக்கியம் என்றால் மறுபடியும் காரைநகர் கசூரினாவுக்கே போவது நல்லது. கசூரினாவில் கடல் ஆழமில்லாமல் வெகுதூரம் போகிறது, அலையும் குறைவு. பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே இருக்கும் மணற்காட்டுக் கடல் அப்படியல்ல. அங்கே போவது மணலைப் பார்க்க. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "மணலில் பார்க்க என்ன இருக்கிறது" என்று கேட்டு, அரை மணி நேரம் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த மணல் எங்கிருந்து வந்தது, எதை மூடியது, எதைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துகொண்டு போனால் அரை நாள் போதாது.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். குடாநாட்டின் வடகரையில் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்தான். கீரிமலையிலும் காங்கேசன்துறையிலும் பருத்தித்துறையிலும் கடல் கல்லில் வந்து மோதும். பருத்தித்துறையைத் தாண்டிக் கரை தென்கிழக்காகத் திரும்பியதும் கல் மறைந்துவிடுகிறது. அங்கிருந்து சுண்டிக்குளம் வரை ஒரே மணற்கரை. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் நீரேரி, நடுவில் ஒடுங்கி நீண்ட மணல் நிலம். வல்லிபுரம், குடத்தனை, மணற்காடு, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, தாளையடி எல்லாம் இந்தத் துண்டு நிலத்தில்தான் இருக்கின்றன.

அந்த மணலை ஒரு கைப்பிடி அள்ளி வெயிலில் பாருங்கள். பெரும்பகுதி பளபளக்கும் குவார்ட்ஸ் துகள், இடையிடையே சிப்பி நொறுங்கல். நம் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை, அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஆகவே இந்தக் குவார்ட்ஸ் இங்கே விளைந்ததாக இருக்க முடியாது. வெளியே பெருநிலத்தில் பாறை தேய்ந்து, ஆற்றோடு கடலுக்கு வந்து, கரையோர நீரோட்டத்தில் நகர்ந்து நகர்ந்து இங்கே சேர்ந்தது. மூத்த பிள்ளைக்கு இதை விளக்கினால் அவன் அந்த மேட்டைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

கரைக்கு வந்த மணலை மேடாக்குவது காற்று. வாடைக் காலத்தில், ஐப்பசியிலிருந்து தை வரை, கடல் கொந்தளித்து மணலைக் கரையில் கொட்டும். ஆனால் அது மழைக் காலம், ஈர மணல் எளிதில் பறக்காது. மழை விட்டு மணல் காய்ந்ததும் காற்று வேலையைத் தொடங்கும். நீங்கள் வரும் ஆடியில் தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கும். மேட்டின் உச்சியில் குனிந்து பார்த்தால் துகள்கள் தரையோடு துள்ளித் துள்ளி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். காற்று வரும் பக்கம் சரிவு சாய்வாகவும் அது இறங்கும் பக்கம் செங்குத்தாகவும் இருக்கும். சரிந்து விழும் பக்கத்தில் மணல் ஏறக்குறைய 30 பாகையைத் தாண்டி நிற்காது, தாண்டினால் உதிர்ந்துவிடும். சில மேடுகள் வீட்டுக் கூரையை விட உயரம். பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடட்டும். ஆனால் செடி கொடி படர்ந்த மேட்டில் வேண்டாம், வெறும் மணல் மேட்டில் மட்டும்.

ஏன் என்றால், மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தச் செடிகள்தான். அலை தொடும் எல்லைக்குச் சற்று மேலே, ஊதா நிறப் பூவோடு மணலில் படர்ந்து ஓடும் கொடியைப் பார்ப்பீர்கள். அதுதான் அடம்பன். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டு, ஒன்றோடொன்று பின்னி, காற்றில் ஓடும் மணலை நிறுத்தும் வேலையைச் செய்வது அது. அதற்குப் பின்னால் முள்முள்ளாக நிற்கும் புல் இராவணன் மீசை. அதன் காய்க்கொத்து பந்து போலத் திரண்டு, காய்ந்ததும் கழன்று, காற்றில் கரை நெடுக உருண்டு ஓடும். ஓடும் வழியில் விதை விழும். பிள்ளைகள் அதைத் துரத்தி ஓட ஆசைப்படுவார்கள். துரத்தட்டும், ஆனால் வெறுங்கையால் பிடிக்க விடாதீர்கள், முள் குத்தும். இன்னும் உள்ளே வந்தால் எருக்கலை, தாழை, வடலி, பிறகு பனை.

அதற்குப் பின்னால் சவுக்கங்காடு. இது இயற்கைக் காடு அல்ல, மணல் ஊருக்குள் போகாமல் தடுக்க நட்டு வளர்த்தது. சவுக்கின் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாவும். உப்புக்காற்றையும் வெறும் மணலையும் அது தாங்குவதற்குக் காரணம் அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. ஊசி இலை என்று நாம் நினைப்பது இலையே அல்ல, மெல்லிய கிளை. உண்மையான இலை அதன் கணுக்களில் பற்கள் மாதிரி ஒட்டியிருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மரத்தடியில் உதிர்ந்த சருகு மெத்தையாகக் கிடப்பதால் வேறு செடி அதிகம் முளைக்காது. அதனால்தான் உள்ளே நடக்க வசதியாக இருக்கிறது, நிழலும் கிடைக்கிறது. நண்பகலில் போய் மாட்டிக்கொண்டால் இந்தக் காடுதான் உங்களுக்கு அடைக்கலம். காய்ந்த சருகில் தீ சட்டென்று பற்றும், ஆகவே சமையல், சிகரெட் எதுவும் அங்கே வேண்டாம்.

மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைப் பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள். கூரை இல்லை. சுவர்களும் வளைவுகளும் நிற்கின்றன, சுற்றிலும் மணல். ஊரவர்கள் பிறகு வேறு கோயில் கட்டி அங்கே வழிபடுகிறார்கள். ஒரு மேடு நகர்ந்து வந்து ஒரு கட்டடத்தை எப்படி விழுங்கும் என்பதை நேரில் காட்டும் இடம் இலங்கையில் அதிகம் இல்லை. சுவரில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். சுண்ணச் சாந்து உப்புக்காற்றில் அரித்துக் கல் கழன்று போகிறது, பலர் ஏறி ஏறியே சில இடங்கள் இடிந்திருக்கின்றன. கடற்கரையில் கல்லறைத் தோட்டமான சேமக்காலையும் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் வந்த சுனாமியில் இந்த ஊரும் உயிர்களைக் கொடுத்தது. சிலுவைகளுக்கு இடையில் பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டாம் என்று முன்னரே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

உயிரினங்களைப் பற்றிக் கேட்டால், ஆடியில் வருவதால் பறவைகளில் உங்களுக்குக் கொஞ்சம் நட்டம். ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரிக்கும் உள்ளான்களும் வளைந்த அலகுள்ள கரைப்பறவைகளான கோட்டான்களும் ஆவணி, புரட்டாதியில்தான் திரும்பி வரத் தொடங்கும். பூநாரைக் கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் மார்கழி, தை, மாசியில் நீரேரிப் பக்கம் வர வேண்டும். ஆனால் செம்பருந்தும் ஆலாக்களும் எந்த மாதமும் இருக்கும். கரைவலை இழுக்கும் நேரம் பார்த்து அவை கூடிவிடும். பறவைதான் உங்களுக்குப் பிடித்தம் என்றால், இதே கரையில் தெற்கே சுண்டிக்குளம் இருக்கிறது. 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

பறவை குறைந்தாலும் மணலில் பார்க்க நிறைய உண்டு. விடிந்ததும் போனால் ஈரக்கரை முழுக்க நண்டு வளைகள். வளை வாசலில் புதிதாகத் தோண்டிய மணல் குவிந்திருந்தால் நண்டு உள்ளே இருக்கிறது. கண்கள் தண்டின் நுனியில் நிற்பதால் எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். அசையாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வரும். ஐந்து நிமிடம் பிள்ளைகளை அசையாமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. குஞ்சு நண்டுகள் தண்ணீருக்குக் கிட்டவும் பெரியவை சற்று மேலேயும் வளை தோண்டும். சவுக்கின் ஓரம் காய்ந்த மணலில் சின்னச் சின்னக் கூம்புக் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை குழியானை என்ற பூச்சியின் பொறிகள். ஓர் எறும்பு விளிம்பில் சறுக்கினால் அடியிலிருந்து மணலை எற்றி அதை விழுத்தும். அதே இடங்களில் விசிறித்தொண்டை ஓணானும் கண்ணில் படலாம். ஆண் ஓணான் தொண்டையை விரித்து நீல நிறம் காட்டினால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

கடலாமையைக் கண்டால் தொடவோ தண்ணீரில் தள்ளவோ வேண்டாம். இலங்கைக் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன, ஐந்தும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. முட்டையை எடுத்தாலும் குற்றம். ஏறி வந்த தடம் மணலில் இருந்தால் அதை அழிக்காமல் விலகி நடந்தால் போதும்.

இனி, என் மனதில் பெரிதாக நிற்கும் விடயம்: அந்த மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கிணறு, அதில் குடிக்கக்கூடிய நல்ல தண்ணீர். புதிதாக வருபவர்களுக்கு இது வியப்பு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதைப் போல மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்பு நீரை விடச் சற்று இலேசு, அவ்வளவுதான் காரணம். கணக்கு இப்படி: கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீற்றர் வரை அது உப்பு நீரைத் தள்ளி வைத்திருக்க முடியும். மறுபக்கமாகவும் கணக்குப் போடுங்கள். மேலே அரை மீற்றர் குறைந்தால் கீழே 20 மீற்றர் உப்பு ஏறி வர இடம் கிடைக்கும். மணல் மேடு உயரமாக இருந்தால் மழைநீர் தேங்க இடம் உண்டு. மேட்டை வெட்டி அள்ளினால் நிலம் தாழும், தண்ணீர் நிற்கும் இடமும் குறையும், வெட்டிய குழியில் தேங்கும் தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகும். பிறகு கிணறு உவர்க்கும். உவர்த்த கிணறு திரும்ப நன்னீராவதற்கு எத்தனையோ மாரி வேண்டும்.

வடமராட்சி கிழக்கில் மணல் அகழ்வு பல காலமாக ஊர்களை அரித்துவரும் பிரச்சினை. யுத்தம் முடிந்த பிறகு வீடு கட்ட, வீதி போட, எல்லாவற்றுக்கும் மணல் தேவைப்பட்டது. தேவை நியாயமானது, எனக்கும் வீடு வேண்டும், உங்கள் தம்பிக்கும் வேண்டும். ஆனால் அனுமதி இல்லாமல் இரவோடு இரவாக டிப்பரில் ஏற்றுவதற்கு நியாயமே கிடையாது. குடத்தனை, அம்பன், நாகர்கோவில் பக்கம் மக்கள் திரும்பத் திரும்ப வீதிக்கு இறங்கியது இதற்காகத்தான். நடக்கும்போது செங்குத்தாக வெட்டுண்டு, பனை வேர்கள் வெளியே தொங்கும் மேடுகள் கண்ணில் பட்டால், காற்று அப்படி வெட்டாது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். இதே கரையில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அது தேவையான திட்டம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் மின்சாரம் செலவழித்துக் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கும் அதே கரையில், சும்மா கிடைக்கும் நன்னீரைத் தாங்கி நிற்கும் மணலை அள்ளிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊரில் சொந்தக்காரர் வீடு கட்டுகிறார் என்றால், மணல் எங்கிருந்து வருகிறது, அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று தயவுசெய்து கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவர்கள் கேட்டால் அதற்கு ஒரு கனம் உண்டு.

மேடு புயலையும் கடல் ஏற்றத்தையும் மறிக்கும் சுவர் என்பதும் நினைவில் இருக்கட்டும். தெற்கே யால கரையில், கடல் தெரிய வேண்டும் என்று மேட்டை அகற்றிய இடத்தால்தான் 2004 இல் சுனாமி பெரிதாக உள்ளே புகுந்தது. மேடு நின்ற இடங்களில் சேதம் குறைவு.

சரி, கடலுக்கு வருகிறேன். இந்தக் கரை திறந்த கடலைப் பார்க்கிறது. கரையோரத்திலேயே சட்டென்று ஆழம் வரும், திரும்பும் அலை காலை இழுக்கும். கார்த்திகை, மார்கழியில் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. ஆடியில் கடல் பார்ப்பதற்கு அடங்கி இருக்கும், ஆனால் அந்த அமைதியை நம்பக்கூடாது. சோளகம் தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிப்பதால், பந்தோ காற்றடித்த மிதவையோ தண்ணீரில் விழுந்தால் கையெட்டும் தூரத்தில் இருந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதைப் பிடிக்கப் போய்த்தான் விபத்து நடக்கிறது. மிதவைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைகள் முழங்கால் அளவில் நனையலாம், பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். உயிர்காப்பாளர் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆடியில் வருவதில் ஒரு பெரிய இலாபம் கரைவலை. கடல் அடங்கிய மாதங்களில்தான் அது நடக்கும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, படகில் வலையை அரை வட்டமாகக் கடலில் வளைத்துப் போட்டு, மறுதலைப்பை வேறோர் இடத்தில் கரையேற்றி, இரண்டு பக்கமும் இழுப்பார்கள். முன்பு ஆட்கள் வரிசையாக நின்று இழுத்தார்கள், இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தைப் பூட்டி இழுக்கிறார்கள். அதனால் கரை கிண்டப்படுகிறது, தொழிலாளரின் வேலையும் போகிறது என்று தொழிலாளர்கள் மத்தியிலேயே தகராறு உண்டு. வலையின் மடி கரைக்கு வரும்போது அதில் நெத்தலி, சூடை, கீரி மீன்கள், சில நாள் பாரை. வலை இழுக்கும் கரைத் துண்டைப் பாடு என்பார்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமையாளர் உண்டு. மீனவர் தங்கும் வாடிக்குள் போவதற்கு முன் அங்கே நிற்கும் அண்ணைமாரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள், அன்பாகவே காட்டுவார்கள். மீன் விலைக்கும் தருவார்கள்.

வாடைக் காலத்தில் வருபவர்களுக்கு வேறொரு காட்சி. வங்காள விரிகுடாவின் நீரோட்டம் அப்போது இந்தப் பக்கம் திரும்புவதால், மூங்கில் தெப்பங்கள், கயிறுகள், பிறநாட்டு எழுத்துள்ள போத்தல்கள் எல்லாம் கரையொதுங்கும்.

போகும் வழியில் வல்லிபுரத்தை விடவே கூடாது. ஆழ்வார் கோயிலும் மணலுக்கு நடுவில்தான். புரட்டாதியில் கடல் தீர்த்தத்துக்குப் பல்லாயிரம் பேர் இந்த மணலைக் கடந்து கடலுக்கு நடப்பார்கள். 1936 இல் இங்கே கிடைத்த பொன்னேடு ஒன்று, பிராமி எழுத்தில், கி.பி. 1-2 ஆம் நூற்றாண்டின் வசப மன்னன் காலத்தையும் இந்த வட பகுதியின் பழைய பெயரான நாகதீபத்தையும் குறிப்பிடுகிறது. வல்லிபுரத்தில் கிடைத்த புத்தர் சிலை 1906 இல் சீயம் (இன்றைய தாய்லாந்து) நாட்டு மன்னருக்குக் கொடுக்கப்பட்டது. பழைய ஓடுகளும் இந்தப் பகுதியில் நிறையக் கிடைத்திருக்கின்றன. கடல் வாணிபம் நடந்த ஒரு பழைய குடியிருப்பின் மேல்தான் இந்த மணல் கிடக்கிறது. தரையில் பானை ஓட்டைக் கண்டால் பார்த்துவிட்டு அங்கேயே விடுங்கள்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து நெல்லியடி வழியாகப் பருத்தித்துறை, அங்கிருந்து மருதங்கேணி வீதியில் வல்லிபுரம் தாண்டிக் குடத்தனை, பிறகு கடல் பக்கம் திரும்பினால் மணற்காடு. பஸ்ஸில் போவதென்றால் கடைசிப் பஸ் நேரத்தை ஏறும்போதே கேட்டு வையுங்கள். பிள்ளைகளோடு வான் அல்லது ஓட்டோ பேசிக்கொள்வது வசதி. வாகனத்தை மணலில் இறக்கினால் புதையும், தார் முடியும் இடத்திலேயே நிறுத்துங்கள். காலை ஆறு மணிக்கு அங்கே நின்றால் நண்டும் கரைவலையும் மேடும் பார்த்து, பத்து மணிக்குள் சவுக்கங்காட்டுக்கு வந்துவிடலாம். அதற்குப் பிறகு மணல் காலைச் சுடும், செருப்பு இல்லாமல் பிள்ளைகளை இறக்க வேண்டாம். தண்ணீர், தொப்பி, சாப்பாடு எல்லாம் கொண்டுபோக வேண்டும். குப்பையைத் திரும்ப எடுத்து வர ஒரு பையும் வேண்டும். நாகர்கோவிலுக்குத் தெற்கே போக நினைத்தால், அது நீண்ட காலம் போர்முனையாக இருந்த நிலம். ஆட்கள் நடமாடும் பாதையை விட்டு விலகாதீர்கள், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

வல்லிபுரத்தை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொண்டால் நல்லது. அங்கிருந்து இருட்டுவதற்குள் பருத்தித்துறைக்கு வந்தால் வடை வாங்கலாம். மொறுமொறுப்பான தட்டை வடை, காற்றுப் புகாத டின்னில் போட்டால் கனடா போகும் வரை நமுத்துப் போகாது.